சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டும் குழாயில் வரும் தண்ணீரும்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். குடிவந்திருக்கும் பழைய வீட்டில், சுவரில் உள்ள வட்ட வடிவத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுப் புதிய டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டை நீங்களே மாட்டலாமா என்பது ஒன்று. பின்னால் நான்கு வயர்கள் வருகின்றன என்கிறீர்கள். குளிக்கும்போது தண்ணீரின் ஃபோர்ஸ் கூடிக்கூடிக் குறைகிறது, வேறு யாராவது குழாயைத் திறந்தால் தண்ணீர் திடீரென்று சுடுகிறது, வீட்டுக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்பதே பிடிபடவில்லை என்பது மற்றொன்று.

தெர்மோஸ்டாட்டைப் பெரும்பாலும் நீங்களே மாற்றிவிடலாம். வயர்கள் மெல்லியவை என்றால் இன்னும் நம்பிக்கையாகச் சொல்வேன். தண்ணீர் விஷயத்தில் நீங்கள் ஒரே கோளாறாக நினைப்பது அநேகமாக இரண்டு கோளாறு. எல்லாவற்றையும் ஒரே பதிலில் சொல்லக் காரணம் உண்டு. ஹீட்டரை இயக்கும் தெர்மோஸ்டாட்டும் பம்பை இயக்கும் பிரஷர் ஸ்விட்சும் வேலை செய்யும் விதம் ஒன்றேதான். ஒன்று புரிந்துவிட்டால் மற்றதும் புரிந்துவிடும்.

தெர்மோஸ்டாட் சூடு தருவதில்லை. அது ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். அறை வெப்பம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் இணைப்பைக் கொடுக்கும். இன்னோர் எல்லையைத் தொட்டால் துண்டிக்கும். இந்த இரண்டு எல்லைகளும் ஒன்றாக இருக்கக் கூடாது. 21 டிகிரியில் நிறுத்தி, அதே 21 டிகிரியில் மறுபடி போட்டால் கருவி ஓயாமல் அணைந்து அணைந்து எரியும், சீக்கிரமே கெட்டுப்போகும். அதனால் நடுவில் அரை டிகிரியோ ஒரு டிகிரியோ இடைவெளி விட்டிருப்பார்கள். இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர்ப் பக்கம் போகும்போது மறுபடி வரும்.

இன்னொன்றும் இதிலிருந்தே தெரிந்துவிடும். சீக்கிரம் சூடாகட்டும் என்று 30 டிகிரியில் வைப்பவர்கள் நிறையப் பேர். சாதாரணக் கருவிக்கு 22 என்றாலும் 30 என்றாலும் போகும் செய்தி ஒன்றுதான்: ஓடு. வேகம் கூடாது, நிறுத்த மறந்தால் வீடு வெந்துபோவதுதான் மிச்சம். ஹீட் பம்ப் (வெளியே இருக்கும் சூட்டை வீட்டுக்குள் இழுத்துத் தரும் கருவி) வைத்த வீடுகளில் இது செலவையும் கூட்டும். வித்தியாசம் பெரிதாக இருப்பதைப் பார்த்துத் துணைக்கு இருக்கும் மின் ஹீட்டரும் ஓட ஆரம்பித்துவிடும்.

சரி, கழற்றும் வேலைக்கு வருவோம். மூடியைத் தொடுவதற்கு முன்னால் பிரேக்கரை அணையுங்கள். காற்றைச் சூடாக்கி அனுப்பும் ஃபர்னஸ் அல்லது தண்ணீரைச் சூடாக்கி அனுப்பும் பாய்லருக்குப் பக்கத்திலேயே தனி ஸ்விட்ச் இருந்தால் அதையும் அணையுங்கள். அப்புறம் மூடியை எடுத்துவிட்டு, எதையும் கழற்றாமல் வயர்களைப் பாருங்கள். எல்லாமே அந்த வயர்களின் தடிமனில்தான் இருக்கிறது.

பல நிறங்களில் மெல்லிய வயர்கள் என்றால் அது 24 வோல்ட் மாறுதிசை மின்சாரம். ஃபர்னஸுக்குள் இருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவது. இதில் ஆளுக்கு ஆபத்து குறைவு, கருவிக்குத்தான் ஆபத்து. விரல் மொத்தத்துக்கு இல்லாவிட்டாலும் பார்த்தவுடன் தெரிகிற அளவுக்குத் தடித்த இரண்டு அல்லது நான்கு வயர்கள், முனையில் திருகு மூடிகளோடு இருந்தால் அது நேரடி வீட்டு மின்சாரம். சுவரோரம் வைக்கும் மின் ஹீட்டர்களுக்கு அப்படித்தான் இருக்கும். சில நாடுகளில் பாய்லர் தெர்மோஸ்டாட்டே 230 வோல்ட்டில் ஓடும். அங்கே 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டை மாட்டினால் அது எரியும், சில சமயம் சுவரும் சேர்ந்து எரியும். அப்படி இருந்தால் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு: சில காஸ் சுவர் ஹீட்டர்களிலும் காஸ் கணப்புகளிலும் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறிய பைலட் சுடரின் சூட்டிலேயே உண்டாகும் 0.75 வோல்ட் அளவு மின்சாரத்தில் தெர்மோஸ்டாட் வேலை செய்யும். இரண்டே வயர்கள்தான் இருக்கும். அதற்கென்றே செய்த தெர்மோஸ்டாட் மட்டுமே பொருந்தும். வெளியிலிருந்து 24 வோல்ட்டைக் கொடுத்தால் காஸ் வால்வு போய்விடும்.

உங்களுடையது வட்ட வடிவம் என்பதால் ஒரு எச்சரிக்கை. 1953இல் ஹனிவெல் கொண்டுவந்த, ஹென்றி ட்ரெஃபஸ் வடிவமைத்த வட்டத் தெர்மோஸ்டாட் உலகத்திலேயே அதிகம் விற்றவற்றில் ஒன்று. அழகான பொருள், இன்றைக்கும் ஓடுகிறது. அந்தக் காலத்து மாடல்களின் உள்ளே சுருள் சுருளாக ஓர் ஈருலோகப் பட்டையும் அதன் மேல் ஒரு கண்ணாடிக் குமிழியும் இருக்கும். வெப்பம் மாறும்போது சுருள் விரியும், சுருங்கும், குமிழி சாயும், அதற்குள் இருக்கும் பாதரசம் ஓடி இரண்டு முனைகளை இணைக்கும். குமிழி உடையக் கூடாது, தெர்மோஸ்டாட்டைக் குப்பையில் போடவும் கூடாது. அபாயகரமான கழிவுகளை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள்.

மெல்லிய வயர்கள் என்று தெரிந்துவிட்டால் முதல் வேலை போட்டோ எடுப்பது. ஒவ்வொரு வயரும் எந்த எழுத்துள்ள திருகில் மாட்டியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள். ஆர் என்ற முனைக்குச் சிவப்பு, டபிள்யூவுக்கு வெள்ளை, ஒய்க்கு மஞ்சள், ஜிக்குப் பச்சை என்பது வழக்கம்தான். ஆனால் மாட்டியவர் கையில் அன்றைக்கு என்ன நிறம் இருந்ததோ அதைத்தான் மாட்டியிருப்பார். எழுத்துதான் சாட்சி. எழுத்தைத் துண்டு டேப்பில் எழுதி ஒவ்வொரு வயரிலும் ஒட்டிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். கழற்றியதும் வயர்களை ஒரு பென்சிலில் சுற்றி வையுங்கள். சுவர் ஓட்டைக்குள் நழுவிவிட்டால் மீட்பது பெரும்பாடு.

எழுத்துகளின் பொருள் இதுதான். ஆர் என்பது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் மின்சாரம். டபிள்யூ சூடேற்றும் கருவிக்கு, ஒய் ஏசியின் கம்ப்ரஸருக்கு, ஜி ஃபேனுக்கு. தெர்மோஸ்டாட் செய்வதெல்லாம் ஆரை இந்த மூன்றில் தேவையானதோடு சேர்ப்பது. ஆருக்கே ஆர்எச், ஆர்சி என்று இரண்டு முனைகள் இருந்து, நடுவில் ஒரு குட்டி வயர் இரண்டையும் இணைத்திருந்தால், ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான் இரண்டுக்கும் என்று அர்த்தம். புதிய தெர்மோஸ்டாட்டிலும் அந்த இணைப்பு வேண்டும். பல மாடல்களில் அது உள்ளேயே இருக்கும். ஓ அல்லது பி என்ற எழுத்தில் வயர் இருந்தால் உங்களிடம் இருப்பது அநேகமாக ஹீட் பம்ப். அதற்குப் பொருத்தமான தெர்மோஸ்டாட்தான் வாங்க வேண்டும், மாட்டிய பிறகு, சூட்டுக்கும் குளிருக்கும் திசை மாற்றும் வால்வு எந்த நிலையில் இயங்க வேண்டும் என்பதையும் செட்டிங்கில் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் சூடு கேட்கும்போது குளிர் வரும்.

நான்கு வயர் என்றால் அநேகமாக ஆர், டபிள்யூ, ஒய், ஜி. அதாவது சி இல்லை. பழைய தெர்மோஸ்டாட்டுக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் அதற்கென்று மின்சாரம் வேண்டாம். ஆனால் திரையும் வைஃபையும் உள்ள புதியதற்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும். ஆரில் வருவது திரும்பிப் போக சி என்ற வழி வேண்டும். சி இல்லாமலும் வேலை செய்யும் என்று சொல்லும் மாடல்கள் மற்ற வயர்கள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. சில ஃபர்னஸ்களில் இது சிக்கலில்லாமல் ஓடும். சிலவற்றில் குளிர் உச்சத்தில் இருக்கும் நாளில் திரை அணைந்துபோகும். முதலில் சுவருக்குள் பாருங்கள். பயன்படுத்தாத ஐந்தாவது வயர் ஒன்று மடித்துச் செருகியிருப்பது சகஜம். இருந்தால் அதன் மறுமுனையை ஃபர்னஸ் போர்டின் சி முனையில் மாட்டினால் போதும். இல்லாவிட்டால் அதற்கென்றே விற்கும் அடாப்டர் இருக்கிறது. ஜி வயரையே சி ஆக்கிக்கொள்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் ஃபேனைத் தனியாக ஓட்ட முடியாது, ஃபர்னஸ் பக்கத்திலும் இணைப்பை மாற்ற வேண்டும். வைஃபை வேண்டாம் என்றால் பேட்டரியில் ஓடும் சாதாரண டிஜிட்டல் போதும். என்னைக் கேட்டால் நான்கு வயர் வீட்டுக்கு அதுதான் நிம்மதி. பேட்டரி மாற்ற மறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவே. அந்த மறதி என்ன செய்யும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாட்டும்போது ஆரும் சியும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. பிரேக்கர் அணைந்திருந்தால் ஒன்றும் ஆகாது. போட்டிருந்தால் போர்டில் இருக்கும் 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் இல்லாத பழைய கருவியில் டிரான்ஸ்ஃபார்மரே போகும். புதிதாக மாட்டியது உயிரில்லாமல் இருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புவதற்கு முன் அந்த ஃபியூஸைப் பாருங்கள். அதே போல ஃபர்னஸின் கதவுக்குப் பின்னால் ஒரு பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்கும், கதவு சரியாக மூடாவிட்டால் எதுவும் ஓடாது.

வயர் வரும் ஓட்டையைப் புட்டி வைத்து அடைக்கச் சொன்னால் பலர் கேட்பதில்லை. சுவருக்குள்ளிருந்து வரும் குளிர்காற்று நேராகத் தெர்மோஸ்டாட்டின் முதுகில் அடிக்கிறது. அறை சூடாகியும் அதற்குத் தெரியாது; ஓட்டிக்கொண்டே இருக்கும். இடமும் முக்கியம்: தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரம், உட்புறச் சுவர், வெயிலும் ரேடியேட்டரின் சூடும் நேரடியாகப் படாத இடம்.

அப்புறம் செட்டிங். பழைய தெர்மோஸ்டாட்டில் ஒரு குட்டி ரெசிஸ்டர் இருந்தது. கருவி ஓடும்போது அது லேசாகச் சூடாகி, அறை சூடாவதற்குக் கொஞ்சம் முன்பே சுருளை ஏமாற்றி அணைத்துவிடும். ஏனென்றால் அணைத்த பிறகும் கருவியில் மிச்சமிருக்கும் சூடு அறைக்கு வந்துகொண்டே இருக்கும். டிஜிட்டலில் இந்த வேலையை ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை ஓடலாம் என்ற எண் செய்கிறது. சாதாரண காஸ் ஃபர்னஸுக்கு 5, வெந்நீர் பாய்லருக்கும் திறன் மிகுந்த ஃபர்னஸுக்கும் 3, மின் ஹீட்டருக்கு 9 என்பது பல மாடல்களில் இருக்கும் அளவு. பாய்லருக்குக் குறைவாக இருப்பதன் காரணம் எளிது: ரேடியேட்டர் நிறைய வெந்நீர் இருக்கிறது, அது ஆற நேரமாகும். இந்த எண்ணைத் தொடாமல் விட்டுவிட்டு, "புதுசு போட்டதிலிருந்து வீடு ஒரேயடியாகச் சூடாகிறது, அப்புறம் ஒரேயடியாகக் குளிர்கிறது" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

எல்லாம் மாட்டியும் சூடு வரவில்லை என்றால் குற்றவாளி தெர்மோஸ்டாட்டா, ஃபர்னஸா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 24 வோல்ட் அமைப்பில் மட்டும் செய்யுங்கள். பிரேக்கரை அணைத்து, தெர்மோஸ்டாட்டை விலக்கிவிட்டு, ஆர், டபிள்யூ இரண்டு வயர்களையும் நேராகச் சேருங்கள். பிரேக்கரைப் போடுங்கள். கருவி ஓடினால் தெர்மோஸ்டாட்டில்தான் கோளாறு. ஓடாவிட்டால் தெர்மோஸ்டாட் நிரபராதி. பார்த்த கையோடு அணைத்துப் பிரித்துவிடுங்கள், ஏனென்றால் அந்த நிலையில் அதை நிறுத்த யாருமில்லை. காஸ் வாடை வந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம், எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே போய்த்தான் போன் செய்ய வேண்டும்.

இனி தண்ணீர். வீட்டுக்குத் தண்ணீர் மூன்று வழிகளில் வரலாம்: பொதுக் குழாயிலிருந்து அழுத்தத்தோடு, சொந்தக் கிணற்றிலிருந்து பம்ப் மூலமாக, அல்லது மேலே இருக்கும் தொட்டியிலிருந்து தானாக இறங்கி. உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க, தரைக்கு அடியிலோ கீழ்த்தளத்திலோ வெளிச்சுவரைத் துளைத்து உள்ளே வரும் முதல் குழாயைத் தேடுங்கள். அதில் மீட்டர் இருந்தால் பொதுக் குழாய். (மீட்டர் சில இடங்களில் தெருவோரக் குழிக்குள் இருக்கும்.) அதற்குப் பதிலாக ஒரு பெரிய உருளை டேங்க், பக்கத்தில் ஒரு கேஜ், உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து தடித்த வயர் இருந்தால் கிணறு. எதுவாக இருந்தாலும் அந்த முதல் குழாயில் ஒரு வால்வு இருக்கும். அதுதான் வீட்டின் மெயின் வால்வு. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் அது எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். வட்டமான சக்கரம் இருந்தால் பழைய கேட் வால்வு, பல சுற்று சுற்ற வேண்டும், வருடக்கணக்கில் தொடாதது என்றால் முழுதாக மூடாது. நீளமான கைப்பிடி இருந்தால் பால் வால்வு, கால் சுற்றில் மூடும். குழாய்க்குக் குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது, குழாயோடு சேர்ந்தாற்போல் நின்றால் திறந்திருக்கிறது.

இங்கே பிரஷர், ஃபோர்ஸ், வேகம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். குழாய் மூடியிருக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் ஒன்று. திறந்தபோது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது வேறு. மூடிய குழாயில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது உயரமும் பம்பும்தான். குழாய் எவ்வளவு குறுகலாக இருந்தாலும் கேஜ் அதே எண்ணைத்தான் காட்டும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார், அதாவது 14.5 பிஎஸ்ஐ (இரண்டும் அழுத்தத்தை அளக்கும் அலகுகள்). ஷவருக்கு 3 மீட்டர் மேலே தொட்டி இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான், என்ன ஷவர் வாங்கி மாட்டினாலும் அதுதான். 3 முதல் 4 பார் இருந்தால் வீட்டுக்கு வசதி. 5.5 பாருக்கு, அதாவது 80 பிஎஸ்ஐக்கு மேலே போனால் அழுத்தம் குறைக்கும் வால்வு வேண்டும் என்பது பல இடங்களில் விதி. இல்லாவிட்டால் குழாய் இணைப்புகளும் வாஷிங் மெஷின் ஹோஸும் தாங்காது.

தண்ணீர் ஓட ஆரம்பித்ததும்தான் குழாயின் அகலம் பேசும். முக்கால் அங்குலக் குழாயில், அதே அழுத்த இழப்புக்கு, அரை அங்குலக் குழாயைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் தண்ணீர் போகும். உள்ளே துரு ஏறிய பழைய இரும்புக் குழாய் பெயருக்குத்தான் முக்கால் அங்குலம். வெளியே ஹோஸ் மாட்டும் குழாயில் திருகும் கேஜ் ஒன்று வாங்குங்கள். எல்லாக் குழாய்களையும் மூடி ஒரு முறை பாருங்கள், இரண்டு குழாய்களைத் திறந்து மறுபடி பாருங்கள். மூடியபோது 4 பார், திறந்தபோது 1.5 பார் என்றால் வருகிற தண்ணீரில் குறையில்லை, வழியில் அடைப்பு: பாதி மூடிய வால்வு, அழுக்கேறிய ஃபில்டர், துருப்பிடித்த குழாய். மூடியபோதே குறைவு என்றால் வரும் இடத்தில் பிரச்சினை. ஒரே ஒரு குழாயில் மட்டும் குறைவு என்றால் எதையும் யோசிக்க வேண்டாம், முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள்.

உங்கள் வீட்டில் ஃபோர்ஸ் ஏறி ஏறி இறங்குகிறது என்கிறீர்கள். குறைவாக இருப்பது வேறு, ஏறி இறங்குவது வேறு. ஒரே ஒரு குழாய் திறந்திருக்கும்போதே சீரான இடைவெளியில் ஏறி இறங்கினால் கிணறும் பம்பும்தான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அந்த உள்ளங்கை அளவுப் பெட்டிதான் பிரஷர் ஸ்விட்ச். இப்போது தெர்மோஸ்டாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 40 பிஎஸ்ஐக்கு இறங்கினால் பம்பைப் போடும், 60க்கு ஏறினால் நிறுத்தும். 30க்கும் 50க்கும் இடையில் ஓடுபவையும் உண்டு. இங்கேயும் இரண்டு எல்லை, நடுவில் இடைவெளி.

ஆனால் ஒரு வித்தியாசம். அறை மெதுவாகத்தான் குளிரும், அதனால் தெர்மோஸ்டாட்டுக்கு அவகாசம் கிடைக்கிறது. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. குழாயைத் திறந்த நொடியே அழுத்தம் விழுந்துவிடும், பம்ப் ஓடிய நொடியே ஏறிவிடும். அந்த அவகாசத்தை உண்டாக்கத்தான் உருளை டேங்க். அதன் உள்ளே ஒரு ரப்பர் பை, அதைச் சுற்றிக் காற்று. தண்ணீர் நுழையும்போது காற்று சுருங்கும், குழாய் திறந்ததும் அந்தக் காற்றே தண்ணீரைத் தள்ளும். இதில் பலர் ஏமாறுவது டேங்கின் கொள்ளளவில். 200 லிட்டர் டேங்க் என்றால் 200 லிட்டர் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். 40க்கும் 60க்கும் இடையில் அதிலிருந்து வெளியே வருவது ஏறத்தாழ 50 லிட்டர்தான், மீதி இடம் பெரும்பாலும் காற்றுக்கு. ஒருமுறை போட்டால் பம்ப் குறைந்தது ஒரு நிமிடமாவது ஓட வேண்டும் என்ற கணக்கில்தான் டேங்கின் அளவைத் தேர்ந்தெடுப்பார்கள்.

காற்று போய்விட்டால் அல்லது பை கிழிந்துவிட்டால் டேங்க் முழுக்கத் தண்ணீர் நிரம்பும். அவகாசம் போய்விடும். சில நொடிகளுக்கு ஒருமுறை பம்ப் போட்டு அணையும். குளிப்பவருக்கு அது ஃபோர்ஸ் ஏறி இறங்குவதாகத் தெரிகிறது. பம்புக்கு அது ஆயுள் குறைவது. டேங்க் பக்கத்தில் நின்றுகொண்டு யாரையாவது குழாயைத் திறக்கச் சொல்லுங்கள். கேஜ் முள் 40க்கும் 60க்கும் இடையில் துள்ளிக்கொண்டிருந்தால் நோய் இதுதான். டேங்கின் மேலே சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற காற்று வால்வு இருக்கும். அதன் ஊசியை லேசாக அழுத்துங்கள். தண்ணீர் பீய்ச்சினால் பை கிழிந்துவிட்டது, டேங்கை மாற்றுவதே வழி. காற்று வந்தால் பிழைத்தீர்கள். பம்பின் பிரேக்கரை அணைத்து, ஒரு குழாயைத் திறந்துவிட்டு, கேஜ் பூஜ்யத்துக்கு வரும்வரை தண்ணீரை விடுங்கள். பிறகு டயர் கேஜால் காற்றை அளந்து, பம்ப் ஓடத் தொடங்கும் அளவைவிட 2 பிஎஸ்ஐ குறைவாக, அதாவது 40க்கு 38, 30க்கு 28 என்று நிரப்புங்கள். தண்ணீர் உள்ளே இருக்கும்போது அளந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. பிரஷர் ஸ்விட்சின் மூடியை மட்டும் கழற்றாதீர்கள். சுவரிலிருக்கும் தெர்மோஸ்டாட்டைப் போல இல்லை, அதற்குள் இருப்பது பம்புக்குப் போகும் முழு மின்சாரம்.

வீட்டில் எந்தக் குழாயும் திறக்காமலே பம்ப் அவ்வப்போது ஓடினால் எங்கோ கசிவு, அல்லது தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிப் போகிறது. பொதுக் குழாய் வீடுகளில் இதே சோதனையை மீட்டரில் செய்யலாம். பல மீட்டர்களில் ஒரு குட்டி முக்கோணம் இருக்கும். எல்லாவற்றையும் மூடிய பிறகும் அது சுற்றினால் தண்ணீர் எங்கோ போகிறது. பத்துக்கு ஒன்பது தடவை கழிப்பறைத் தொட்டிதான்.

சூடு மாறுவது தனிக் கதை. டேங்க் வைத்த வாட்டர் ஹீட்டர் உள்ள வீட்டில், வெந்நீரும் குளிர்நீரும் ஒரே அழுத்தத்திலிருந்துதான் வருகின்றன. பம்ப் காரணமாக ஏறி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஃபோர்ஸ் மாறுமே தவிர சூடு அவ்வளவாக மாறாது. வேறு குழாய் திறக்கும்போது மட்டும் சுடுகிறது என்றால், அந்தக் குழாய் உங்கள் ஷவருக்கு வரும் குளிர்நீரைப் பங்கு போட்டுக்கொள்கிறது, இரண்டுக்கும் பொதுவான குளிர்நீர்க் குழாய் குறுகல். ஷவரில் அழுத்தத்தைச் சமன் செய்யும் வால்வு மாட்டினால் தீர்ந்துவிடும். குளிர்நீர் குறைந்தால் அதுவே வெந்நீரையும் குறைத்துவிடும். குழந்தைகளோ முதியவர்களோ இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். அதற்காக ஹீட்டரை 45 டிகிரிக்கு இறக்குவதும் சரியில்லை, அந்த வெப்பத்துக்குக் கீழே லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். ஹீட்டரை 60இல் வைத்து, வெளியே வரும் இடத்தில் குளிர்நீரைக் கலக்கும் வால்வு போடுவதுதான் முறை. டேங்க் இல்லாமல் உடனுக்குடன் சூடாக்கும் ஹீட்டர் என்றால் கதையே வேறு. அதில் ஓட்டம் குறைந்தால் சூடு ஏறலாம், ரொம்பவே குறைந்தால் ஹீட்டர் அணைந்து பச்சைத் தண்ணீர் வரும். அப்படியானால் உங்கள் இரண்டு கோளாறுக்கும் பம்போடு இருக்கும் உருளை டேங்கே காரணமாக இருக்கலாம்.

உங்கள் வீட்டில் ரேடியேட்டர் இருந்தால் இன்னொன்று. அதில் சுற்றும் தண்ணீர் குழாயில் வரும் தண்ணீர் இல்லை. ஒருமுறை நிரப்பி மூடிய வளையம், பாய்லருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் அதே தண்ணீர்தான் சுற்றுகிறது. ஆறியிருக்கும்போது அதன் கேஜ் 1 முதல் 1.5 பார் காட்ட வேண்டும், 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே கொட்டும். அழுத்தம் குறைந்தால் பாய்லர் ஓட மறுக்கும், அப்போதும் பழி தெர்மோஸ்டாட் மேல்தான் விழும். எப்போதாவது கொஞ்சம் தண்ணீர் விட்டு ஏற்றலாம். வாரா வாரம் ஏற்ற வேண்டியிருந்தால் கசிவைத் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீரோடு உள்ளே போகும் ஆக்ஸிஜன் ரேடியேட்டரை உள்ளிருந்தே அரிக்கும்.

பேட்டரி விஷயம் சொல்கிறேன் என்றேனே. குளிர் நாடுகளில் பேட்டரி தீர்ந்த தெர்மோஸ்டாட் செய்யும் பெரிய சேதம் குளிர் இல்லை, தண்ணீர். வெளிச்சுவரில் ஓடும் குழாய் உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிகிறது. பெரும்பாலும் பனி இருக்கும் இடத்தில் குழாய் வெடிப்பதில்லை. பனிக்கட்டிக்கும் மூடிய குழாய் முனைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரின் அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தில் வெடிக்கிறது. கடுங்குளிர் இரவில் குழாயைச் சொட்ட விடச் சொல்வது அந்த அழுத்தம் வெளியேறத்தான்.

ஊருக்குப் போகும்போது தெர்மோஸ்டாட்டை அணைக்காதீர்கள், 13 டிகிரிக்குக் கீழே இறக்கவும் வேண்டாம், புதிய பேட்டரி போட்டுவிட்டுப் போங்கள். மெயின் வால்வை மூடி, கிணறு என்றால் பம்பின் பிரேக்கரையும் அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிடுங்கள். வாட்டர் ஹீட்டரையும் அணைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் மெயின் வால்வை மெதுவாகத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக வரும்வரை ஓட விட்டு, அதற்குப் பிறகே ஹீட்டரைப் போடுங்கள். தண்ணீரில் மூழ்காத நிலையில் மின்சாரம் பாய்ந்தால் ஹீட்டர் காயில் சில நொடிகளில் எரிந்துவிடும்.